இசக்கிராஜின் சாயல்

எங்கள் தெருவில் போன் பக்கத்தில் இருக்கும்போது யாரும் யாரையும் திட்டுவதில்லை. தண்ணீர் லாரி வரும் நேரத்தில் எல்லாரும் போனை வீட்டுக்குள் வைத்துவிட்டுக் குடத்தோடு வருவார்கள். அங்கே பேசப்படுவதை எழுத முடியாது. லாரி போனதும் அதே பெண்கள் வீட்டுக்குள் போய், சற்றுமுன் தங்களைக் குடத்தால் இடித்தவளுடைய மகளின் பிறந்தநாள் படத்துக்குக் கீழே பூங்கொத்து போடுவார்கள். எல்லாம் சாயலுக்காக.

சாயல் என்றால் என்னவென்று அம்மாவுக்கு முதன்முதலில் சொன்னவன் என் அண்ணன் இசக்கிராஜ்தான்.

"யம்மா, நீ போன்ல எழுதுனது, பேசுனது, சிரிச்சது, சண்ட போட்டது எல்லாத்தையும் ஒரு மிஷின் படிக்கும். படிச்சிட்டு அப்படியே ஒன்னைய மாதிரி ஒருத்தியச் செஞ்சிரும். இனிமே இன்டர்வியூவுக்கு அவதான் போவா. ஒரே நேரத்துல ஆயிரம் கம்பெனில உக்காந்து பேசுவா. நீ பாட்டுக்கு வீட்டுல தூங்கலாம்."

"அப்ப வேலையையும் அவளே செஞ்சிரலாம்லா? நான் எதுக்குல?" என்றாள் அம்மா.

"அதெல்லாம் பெரிய ஆட்கள் யோசிச்சிருப்பாவ" என்று அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

அதன்பிறகு தூத்துக்குடியில் மட்டுமல்ல, எங்கேயும் வேலைக்கு யாரும் விண்ணப்பம் போடவில்லை. போனில் தங்கள் பேரில் உள்ள பக்கத்தில் நிறைய எழுதியிருந்தவர்களுக்கு நல்ல சாயல் கிடைத்தது. எதுவுமே எழுதாதவர்களை வெற்றுப் பக்கம் என்றார்கள். அவர்களுக்குக் காவலாளி வேலைகூடக் கிடைக்கவில்லை. அவரவர் பக்கத்தில் போட்டுக்கொள்ள ஆயத்தப் பதிவு விற்கும் கடை முச்சந்தியில் வந்தது. இரக்கமுள்ள பதிவு ஒரு விலை, தலைமைப் பண்பு உள்ள பதிவு ஒரு விலை. துக்க வீட்டில் மாலை போடுகிறவர்கள் மாலையோடு சற்று நின்று, படம் எடுத்துவிட்டார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டுப் போட்டார்கள்.

என்னுடைய பள்ளிக்கூடத்திலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிப் பக்கம் வேண்டும், தனி போன் வேண்டும் என்றார்கள். எங்கள் வீட்டில் இருந்தது ஒரே போன். எனக்கு எப்படியும் வகுப்பில் எழுந்து நின்றால் பேச்சு வராது. பத்தாம் வகுப்போடு நின்றுகொண்டேன். யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. என் பெயர் உலகம்மாள். வீட்டில் உலகு என்பார்கள்.

அந்த ஒரே போனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது அண்ணனுடையது. அதன் நம்பரைத்தான் கேஸ் சிலிண்டருக்கும் ரேஷனுக்கும் பேங்குக்கும் கொடுத்திருந்தோம். எந்த நேரத்தில் எதற்கு ஓடிபி வரும் என்று தெரியாது. அதனால் அது வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது என்பது அம்மாவின் சட்டம். அண்ணன் துறைமுகத்தில் லாரி ஓட்டியபோது ஒரு பட்டன் போனோடு போய்விடுவான். அவனுடைய பக்கம், வேறு யாருடைய பைக்கிலோ சாய்ந்து கறுப்புக் கண்ணாடி போட்டு நிற்கும் அவனுடைய படத்தோடு, எங்கள் வீட்டு அலமாரியில் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்.

காலையில் அது அம்மா கையில். தெருக் குழுவில் யார் வீட்டில் என்ன சண்டை என்றாலும் அம்மா குரல் பதிவு அனுப்பிச் சமாதானம் செய்வாள். மத்தியானம் அது மதினி கையில். என் அண்ணன் மனைவி வடிவு, அதில்தான் நைட்டி விற்றாள். ஒருமுறை ஒருத்தி, "அண்ணே, இது பால் குடுக்குத அம்மாமாருக்குச் சரிப்படுமா?" என்று கேட்டாள். மதினி கொஞ்சமும் கூச்சப்படாமல் அண்ணன் பேரிலேயே ஜிப் எங்கே இருக்கிறது என்று விளக்கமாக எழுதினாள்.

சாயங்காலம் அது என்னிடம் வரும். பெரிய ஆஸ்பத்திரிகளில் வழி தெரியாமல் தவிப்பவர்களுக்கு உதவும் குழு ஒன்று இருந்தது. எந்தக் கட்டடம், எந்த வரிசை, ரத்தம் யாரிடம் கேட்பது என்று கேட்பார்கள். நான் விசாரித்து எழுதுவேன். சிலர் கேள்வி கேட்டு முடித்த பிறகும் போக மாட்டார்கள். உள்ளே ஆபரேஷன் நடந்துகொண்டிருக்கும். அவர்களோடு நானும் இருப்பேன். வாயால் யாரிடமும் பேச வராத எனக்கு விரலால் பேச வந்தது.

எல்லாம் இசக்கிராஜ் பேரில்தான் போயிற்று. வீட்டில் ஒரு பற்பசை, ஒரு சீப்பு, ஒரு போன். அது தப்பு என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

துறைமுக லாரிகள் ஓட்டுநர் இல்லாமல் தாமாக ஓடத் தொடங்கியபோது அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டான். போனை அவனுக்குத் திருப்பிக் கொடுத்தாலும் அவனுக்கு அதில் என்ன செய்வதென்று தெரியவில்லை. லாரி போகும் வீடியோக்களைப் பார்த்துக்கொண்டே கிடந்தான். சாப்பாட்டைக் குறைத்தான். கேட்டால் வயிறு சரியில்லை என்பான். மதினியின் நைட்டிகள்தான் அடுப்பை எரித்தன.

அப்போதுதான் அந்தச் செய்தி வந்தது. கரைக்குரல் என்ற சென்னைக் கம்பெனி. கடலில் மாட்டிக்கொண்ட கப்பல்களில் இருப்பவர்களோடு பேசித் தைரியம் சொல்லும் வேலை. வீட்டில் இருந்தே பேசலாம். அந்த வேலைக்கு வந்த நான்கு லட்சம் சாயல்களில் முதலிடம் தூத்துக்குடி இசக்கிராஜுக்கு.

அண்ணன் அதை என்னை நான்கு தடவை வாசிக்கச் சொன்னான். பிறகு மதினியைத் தூக்கிச் சுற்றினான். "எறக்கி விடுங்க, ஏங்க, பிள்ள நிக்கா!" என்று மதினி என்னைக் காட்டிக் கத்தினாள். அன்று அவன் மூன்று தட்டு சோறு சாப்பிட்டான்.

சாயலையும் ஆளையும் ஒத்துப்பார்க்கக் கரைக்குரலிலிருந்து ஓர் அதிகாரி வீட்டுக்கே வந்தார். இளவேனில் மேடம். பயணத்தில் கசங்கிய பருத்திப் புடவை, தோளில் ஒரு கனமான பை. நாங்கள் கொடுத்த கலர் சோடாவை மறுக்காமல் குடித்தார். மேசையில் ஒரு சிறிய கண்ணாடிக் குமிழை வைத்தார்.

"பயப்படாதீங்க இசக்கிராஜ். இது ஒரு ஒத்திகை அழைப்பு. மிஷின்தான் கப்பல்காரன் மாதிரிப் பேசும். இதே அழைப்புக்கு உங்க சாயல் எப்படிப் பேசுச்சுன்னு எங்ககிட்ட இருக்கு. நீங்களும் உங்க சாயலும் தொண்ணூறு சதவீதம் ஒத்துப்போகணும். அவ்வளவுதான்."

"மேடம், ஒரு சந்தேகம்" என்றாள் அம்மா. எத்தனை வருடமானாலும் அவள் கேள்வியை விடுவதில்லை. "சாயலே நல்லாப் பேசுதே, அதையே வேலைக்கு வச்சிக்கிட்டா என்ன?"

"வச்சுப் பார்த்தோம்மா. மிஷினோட பேசறோம்னு கப்பல்ல இருக்கறவங்களுக்கு எப்படியோ தெரிஞ்சுடுது. தெரிஞ்சதும் பேச்சை நிறுத்திடறாங்க. அதுக்கப்புறம் நிஜ ஆள் கூப்பிட்டாலும் எடுக்க மாட்டாங்க."

குமிழ் பச்சையாக மின்னியது. ஓர் இளைஞனின் குரல் வந்தது. கப்பல் முதலாளி ஊரை விட்டு ஓடிவிட்டான். கப்பல் ஏதோ ஒரு நாட்டுக்கு முன்னால் மாதக்கணக்கில் நிற்கிறது. கரை தெரிகிறது, இறங்க முடியவில்லை. இவன் எஞ்சின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தான். இஸ்திரி போட்ட சட்டையில் வியர்வை படர்ந்தது. "சார், டோன்ட் வொரி சார். தைரியமா இருங்க சார். நாங்க நடவடிக்கை எடுக்கறோம் சார்."

அழைப்பு முடிந்தது. இளவேனில் மேடம் குமிழை ஒருமுறை தட்டிப் பார்த்தார். பிறகு அண்ணனைப் பார்த்தார்.

"பதினொன்னு" என்றார்.

குமிழை மேசை ஓரத்துக்குத் தள்ளினார்.

"இது உங்க சாயல் இல்லை. யாரோ எழுதிக் கொடுத்திருக்காங்க, இல்லேன்னா காசு கொடுத்து வாங்கியிருக்கீங்க. விதி என்னன்னு தெரியும்தானே? இந்த நம்பர் ஏழு வருஷத்துக்கு முடக்கப்படும். இந்த நம்பரை வச்சு இந்த வீட்ல யாரும் வேலை தேட முடியாது, எதையும் விற்க முடியாது."

மதினியின் கை தானாக அலமாரியில் அடுக்கியிருந்த நைட்டிகள் பக்கம் போயிற்று. அண்ணன் எழுந்து, யாரையும் பார்க்காமல், வாசல் படியில் போய் உட்கார்ந்துகொண்டான்.

"காசு குடுத்தெல்லாம் வாங்கல தாயி" என்றாள் அம்மா. "அந்தப் போனு வீட்டுலதான் கிடக்கும். நாங்க எல்லாரும்தான் அதுல பேசுவோம்."

"எல்லாரும்னா?"

"நான், இவ, அந்தா அந்தக் கதவுக்குப் பின்னால நிக்காள்லா, அவ."

நான் கதவை இன்னும் கொஞ்சம் இழுத்துக்கொண்டேன்.

இளவேனில் மேடம் எழுந்திருக்கப் போனவர் மீண்டும் உட்கார்ந்தார். பையிலிருந்து ஒரு பலகையை எடுத்துச் சுவரில் சாய்த்து வைத்தார். "இதைப் பாருங்க" என்றார்.

அதில் என் அண்ணன் தெரிந்தான். அதே முகம், அதே கறுப்புக் கண்ணாடி. எஞ்சின் அறைக் குரலுக்கு அவன் பதில் சொன்னான்.

"மக்கா, மொத சாப்ட்டியா? பொய் சொல்லக் கூடாது."

"ஆத்தி!" என்று அம்மா மார்பில் கை வைத்தாள். அது அவளுடைய பேச்சு. இழுவைகூட அவளுடையது.

"சரி, கதவத் தொறக்க வேண்டாம். ஒரு விரக்கட மட்டும் தொற, காத்து வரட்டும். புடிக்கலைன்னா திரும்பச் சாத்திக்கோ, நான் எதுவும் கேக்க மாட்டேன்."

"புடிக்கலைன்னா திருப்பிக் குடுங்க, எதுவும் கேக்க மாட்டேன்" என்று மதினி மெல்லச் சொன்னாள். நைட்டி வாங்கும் ஒவ்வொருத்திக்கும் அவள் எழுதுவது.

பிறகு அந்த முகம் சற்று நேரம் பேசாமல் இருந்தது. மற்றவர்கள் அது நின்றுவிட்டது என்று நினைத்தார்கள். எனக்குத் தெரிந்தது. நான் எழுதுவதற்கு முன்னால் அப்படித்தான் யோசிப்பேன்.

"நீ எதுவும் பேச வேண்டாம். நான் எங்கயும் போகல. இங்கதான் இருக்கேன்."

பாளையங்கோட்டையில் ஆபரேஷன் அறைக்கு வெளியே, தாயை உள்ளே விட்டுவிட்டு நின்ற ஒருவருக்கு நான் எழுதியது அது. என் வாக்கியத்தை யாரோ சத்தமாகச் சொல்லி அன்றுதான் கேட்டேன். கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்திருந்தேன் என்பது பிறகுதான் தெரிந்தது.

வாசல் படியிலிருந்து அண்ணனும் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். "என்னைய விட நல்லவனா இருக்கான், பாவி" என்றான்.

இளவேனில் மேடம் எங்கள் ஒவ்வொருவரையும் தனித்தனியே உட்காரவைத்தார். அம்மா இளைஞனைச் சாப்பிடச் சொல்லிச் சொல்லியே நேரத்தை முடித்தாள். முப்பத்துநான்கு. மதினி இருபத்தொன்பது. என் முறை வந்தபோது வாய் திறக்கவே இல்லை. தட்டச்சு செய்யட்டும் என்று மேடம் சொன்னார். இருபத்தாறு.

"யாருமே இல்லை" என்றார் மேடம். களைப்பாக இருந்தார். "நான் நம்பறேங்க. ஆனா தொண்ணூறு வர்ற மாதிரி ஒரு ஆள் இந்த வீட்ல இல்லையே. நான் யாரைன்னு எழுதறது?"

மதினி விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். கடையில் கணக்குப் போடுகிற முகம். "மேடம், கூட்டிப் பாருங்க."

"எதை?"

"நாலு பேரு நம்பரையும். நூறு வருது."

"சாயல் கணக்கை அப்படிக் கூட்ட முடியாதுங்க."

"சரி, கூட்ட வேண்டாம். நாங்க அந்தப் போனுல எப்படிப் பேசுவோமோ அப்படிப் பேசுதோம். புடிக்கலைன்னா முடக்கிட்டுப் போங்க, எதுவும் கேக்க மாட்டோம்."

மேடம் சிரித்துவிட்டார். சாயல் பேசிய அதே வார்த்தைகள்.

குமிழைத் தரையில் நடுவில் வைத்தார். நாங்கள் மூவரும் சுற்றி உட்கார்ந்தோம். நான் மடியில் போனை வைத்துக்கொண்டேன். குரல் வந்தது. அம்மா சாப்பாட்டைக் கேட்டாள். "பிஸ்கட்டா? அது சாப்பாடாவே?" என்று அதட்டினாள். மதினி கதவைப் பேரம் பேசினாள். ஒரு விரற்கடையில் தொடங்கி ஒரு சாண் வரை கொண்டுவந்துவிட்டாள். அவன் அழத் தொடங்கியபோது இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் எழுதி மதினிக்குக் காட்டினேன். அவள் அதைத் தன் குரலில் சொன்னாள். குமிழுக்குள் எண் ஏறிக்கொண்டே போயிற்று. எழுபது. எண்பது. எண்பத்தெட்டில் நின்றுவிட்டது.

அம்மா இன்னொரு தடவை சாப்பாட்டைக் கேட்டாள். எண் அசையவில்லை. அழைப்பு முடியப்போகிறது என்று மேடம் கையால் காட்டினார்.

"சுத்தியும் தண்ணியா இருக்கு" என்றான் எஞ்சின் அறை இளைஞன். "குடிக்க ஒரு சொட்டு இல்ல."

"எங்க தெருவுலயும் அதே கததான் மாப்ள!" என்று வாசல் படியிலிருந்து சத்தம் வந்தது. அண்ணன் எழுந்து நின்றிருந்தான். முன்னே சார், சார் என்று பேசிய குரல் இல்லை. "கடல் அந்தா இருக்கு, குடிக்கத் தண்ணி லாரியிலதான் வரணும். ஒரு நாளு வந்து வரிசைல நில்லு. எங்க பொம்பளையாளுவ குடத்தாலயே ஒன் மண்டைய ஒடைப்பாளுவ. அதுக்கு ஒன் கப்பலே தேவலன்னு ஓடிருவ!"

அந்தக் குரல் சிரித்தது. மிஷின்தான், ஆனாலும் அழுது முடித்தவன் சிரிப்பது போலவே சிரித்தது. அண்ணன் உள்ளே வந்து எங்களை இடித்துக்கொண்டு உட்கார்ந்தான். "கதவத் தொறந்துட்டேன்" என்றான் அந்த இளைஞன்.

தொண்ணூற்றேழு.

மதினி குமிழைப் பார்க்கவில்லை. அண்ணனைப் பார்த்தாள். "பதினொன்னு இல்லாம நாங்க ஒண்ணும் கிழிக்கல" என்றாள். அவன் சட்டையை உதறிக்கொண்டு, "பின்ன, பேரு யாரு பேரு?" என்றான்.

இளவேனில் மேடம் மட்டும் சந்தோஷமாக இல்லை. கலர் கிளாஸைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார்.

"முதலிடம் வந்தவங்களை ஒத்துப்பார்க்கறதுதான் என் வேலை. ரெண்டு வருஷமா எந்த ஊருக்குப் போனாலும் அவங்க தேற மாட்டாங்க. ஒரே ஆள்கிட்ட இத்தனை நல்ல குணம் எப்படி இருக்கும்னு ஆபீஸ்ல பேசிப்போம். ஏமாத்திருக்காங்கன்னு எழுதி முடக்கிட்டு வந்துடுவேன்." கிளாஸைக் கீழே வைத்தார். "எல்லா வீட்லயும் போன் அலமாரியிலதான் இருந்துச்சு. இப்பதான் ஞாபகம் வருது."

மிஷின் நாடு முழுக்கத் தேடி மிக நல்ல மனிதர்களைக் கண்டுபிடித்ததாகக் கரைக்குரல் நினைத்திருந்தது. அது கண்டுபிடித்ததெல்லாம் போன் போதாத வீடுகளை.

"ஆனா சட்டப்படி ஒரு இருக்கை, ஒரு சம்பளம்தான். அதுக்குச் சம்மதம்னா இன்னைக்கே கையெழுத்துப் போடலாம்" என்றார்.

"ஒங்க மிஷின் ஆசப்பட்டது நாலு பேருக்கு" என்றாள் மதினி. "ஒரு ஆளு விலைக்கு நாலு ஆளக் கேட்டா எப்படி மேடம்? சந்தையில கேட்டா சிரிப்பாவ."

அம்மா அவள் தொடையில் தட்டி நிறுத்தினாள். "அது பொறவு. மேடம், நீங்க முடக்குன வீடுகளுக்கு மொத போங்க. எல்லாரையும் ஒண்ணா உக்கார வச்சுக் கேட்டுட்டு வாங்க. அதுக்குப் பொறவு நாங்க கையெழுத்துப் போடுதோம்."

"அம்மா, அது நடக்குமான்னே எனக்குத் தெரியாது. அதுக்குள்ள இந்த இடம் வேற ஒருத்தருக்குப் போயிடும்."

அம்மா அண்ணனைப் பார்த்தாள். மாதக்கணக்கில் வயிறு சரியில்லை என்று பொய் சொன்னவன் அவன்தான். முடிவு அவன் கையில் என்பது போல இருந்தது அவள் பார்வை.

"ஏழு வருசம்னா சும்மாவா மேடம்" என்றான். "போயிட்டு வாங்க. நாங்க இங்கனதான் இருப்போம்."

எங்கள் நம்பரை முடக்காமல் அவர் போனார். நாங்கள் காத்திருந்தோம். அண்ணன் மதினியின் நைட்டி மூட்டையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனான். முதலில் கூச்சப்பட்டான். பிறகு அவன் பேச்சுக்காகவே பெண்கள் கூப்பிட்டார்கள். கரைக்குரலிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. இடம் போய்விட்டது என்றே நினைத்தோம்.

மழைக்காலம் தொடங்கியபோது மேடம் கூப்பிட்டார். பின்னால் ஒரே இரைச்சல். விருதுநகர்ப் பக்கம் ஒரு வீட்டில் இருப்பதாகச் சொன்னார். அந்த வீட்டில் ஏழு பேர், ஒரே போன். தொண்ணூற்றெட்டு வந்திருக்கிறது. "உங்களை ஜெயிச்சுட்டாங்க" என்று கத்தினார். இதற்குமுன் போன வீடுகளில் முக்கால்வாசி தேறிவிட்டன. அவற்றின் முடக்கம் நீங்கிவிட்டது. அத்தனை முதலிடங்களையும் போலி என்று வெளியில் சொல்லக் கம்பெனிக்கு வெட்கமாக இருந்ததால், இனி வீட்டையே வேலைக்கு எடுக்கலாம் என்று விதியை மாற்றிவிட்டார்கள். சம்பளத்தைப் பற்றி மதினியோடு பேச ஒருவர் வருவார்.

வந்தவர் பாவம். மத்தியானம் வரை தாக்குப்பிடித்தார்.

வேலை தொடங்கிய பிறகு எங்களுக்கு நான்கு புதுப் போன்கள் அனுப்பினார்கள். அம்மா மூன்றைப் பெட்டியோடு அலமாரி மேலே ஏற்றிவிட்டாள். "ஆளுக்கு ஒண்ணு வச்சா மார்க்கு கொறஞ்சிரும்" என்றாள். பழையதுதான் நடுவில் இருந்தது.

ஒரு மத்தியானம். அம்மா மாவு அரைக்கப் போயிருந்தாள். தண்ணீர் லாரிச் சத்தம் கேட்டு அண்ணனும் மதினியும் ஆளுக்கிரண்டு குடத்தோடு ஓடினார்கள். "ஏட்டி உலகு, போன் வந்தா ஒரு சத்தம் குடு" என்று சொல்லிவிட்டுப் போனாள் மதினி. அவர்கள் தெருமுனை திரும்பியதும் அது அடித்தது. கப்பலிலிருந்து வரும் கடல் நம்பர்.

வாசலுக்கு ஓடிக் கூப்பிட்டேன். லாரியைச் சுற்றி நடந்த சண்டையில் என் சத்தம் என் காதுக்கே கேட்கவில்லை. போன் அடித்துக்கொண்டே இருந்தது. இந்த முறை மிஷின் இல்லை.

எடுத்தேன். அந்தப் பக்கம் காற்று. அதற்குள் ஒருவர் மூச்சு விடுவது கேட்டது.

"யாரு? யாரு பேசறது?"

பேச்சு வரவில்லை. வரட்டும் என்று கொஞ்ச நேரம் இருந்தேன். எழுதுவதற்கு முன்னால் இருப்பேனே, அப்படி. மற்ற மூன்று பேரும் என்ன சொல்வார்கள் என்பது வரிசையாக நினைவுக்கு வந்தது. வீட்டில் நான் மட்டும்தான் இருந்தேன்.

"தூத்துக்குடி இசக்கிராஜ் வீட்டுல இருந்து பேசுதோம்" என்றேன். "மொத சாப்ட்டீயளா?"